பறக்காத நாளின் சம்பளம்

புதிதாக விமானப் பயிற்றுநர் வேலையில் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். எத்தனை மணி நேரம் பறந்திருந்தால் முழுப் பயிற்றுநர் ஆகலாம் என்பது முதல் கேள்வி. இரண்டாவதைக் கொஞ்சம் தயங்கி, டீ குடித்து முடித்த பிறகு கேட்பார்கள். சம்பளம் எப்படி இருக்கும்?

முதல் கேள்விக்கு விதிப்புத்தகம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு நீங்கள் வேலை பார்க்கும் பள்ளி பதில் சொல்லும், அல்லது சொல்லாமல் மழுப்பும். ஆனால் இந்த இரண்டு கேள்விகளும் தனித்தனியானவை இல்லை. அது எனக்குப் புரிய ஆறேழு வருஷம் ஆயிற்று. கடலூர் மாவட்டத்தில் ஒரு சின்ன விமானப் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தப் பள்ளி இப்போது இல்லை. அதனால் கொஞ்சம் தாராளமாகவே பேசலாம்.

சுனாமி வந்த வருஷம் நான் அங்கே சேர்ந்தேன். முந்திரிக்காட்டுக்கு நடுவே ஒரு பழைய ஓடுபாதை. ஒரு தகரக் கொட்டகை. அதில் மூன்று விமானங்கள், மூன்றில் இரண்டுதான் எப்போதும் பறக்கும் நிலையில் இருக்கும். முதலாளி கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் பக்கம் பஸ் விட்டுக்கொண்டிருந்தவர். வானத்திலும் வண்டி ஓட்டலாமே என்று தோன்றி இறங்கியவர். நல்ல மனிதர்தான். கூட்டிக் கழித்துப் பேசுவாரே தவிர ஏமாற்ற மாட்டார். ஆனால் எல்லாவற்றையும் பஸ்ஸாகத்தான் பார்ப்பார். விமானத்தைக்கூட வண்டி என்றுதான் சொல்வார். கொட்டகைக்கு அவர் வைத்த பேர் ஷெட்டு.

பயிற்றுநர்களில் இரண்டு தரம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கக்கூடிய மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உதவிப் பயிற்றுநர் மாணவரோடு கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம். மாணவரைத் தனியாக விமானத்தில் அனுப்பும் முடிவை முழுப் பயிற்றுநர்தான் எடுக்க முடியும். அதற்கு அதிக மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதிலும் சொல்லிக்கொடுத்துப் பறந்த நேரம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கு. நான் சேர்ந்தபோது எங்கள் தலைமைப் பயிற்றுநர் விமானப்படையிலிருந்து வந்தவர். அவர் இந்தக் கணக்கைப் பெரிதாக மதிக்கமாட்டார். மாணவன் தப்புப் பண்ணுகிறபோது நம் கை எவ்வளவு நேரம் முழங்கால் மேலேயே பொறுமையாக இருக்கிறது, எந்தக் கணத்தில் அங்கிருந்து எழுகிறது, அதுதான் அனுபவம் என்பார். சீக்கிரம் எழுந்தால் மாணவன் கற்றுக்கொள்ளமாட்டான். தாமதமாக எழுந்தால் இரண்டு பேரும் வீடு போய்ச் சேரமாட்டார்கள்.

அந்த வருஷங்களில் நாட்டில் புதுப்புது விமான நிறுவனங்கள் முளைத்தன. விமானிகளைத் தலைகீழாய் நின்று தேடினார்கள். உதவிப் பயிற்றுநராக வரும் பையன்கள் பெட்டியைத் திறக்காமலே இருப்பார்கள். எங்கள் பள்ளியில் ஒரு மாதத்துக்கு வாங்குவதை அங்கே சில நாளில் வாங்கிவிடலாம் என்றால் யார்தான் இருப்பார்கள். விஜய் என்று ஒரு பையன் இருந்தான். கெட்டிக்காரன். அவனுக்கு ஹைதராபாத்தில் நேர்முகத் தேர்வு உறுதியாகியிருந்த வாரம் ஒரு மாணவனைத் தரையிறங்கப் பழக்கிக்கொண்டிருந்தான். விமானம் தரையில் பட்டு எழும்பியது. மறுபடி மேலே ஏறுவதா, இறங்கிவிடுவதா என்று பயிற்றுநர் அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். விஜய் உட்கார்ந்திருந்தது எங்கள் விமானத்தில், மனசு இருந்தது ஹைதராபாத்தில். முன்சக்கரம் மடங்கி, விமானம் மூக்கைத் தேய்த்துக்கொண்டு போய்ப் புல்லில் நின்றது. யாருக்கும் அடி இல்லை. மாணவன் பிறகு விமானமே வேண்டாம் என்று போய்விட்டான். விஜய்க்கு வேலை கிடைத்தது, நன்றாகவும் இருக்கிறான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. அங்கே நின்று சொல்லிக்கொடுப்பதை ஒரு பிழைப்பாக யாரும் அவனுக்குக் காட்டவில்லை. காத்திருக்கும் அறையாகத்தான் காட்டினார்கள்.

தலைமைப் பயிற்றுநரும் ஒருநாள் போனார். ஒரு பெரிய நிறுவனம் நல்ல வேலை கொடுத்தது. முந்திரிக்காட்டு வெயிலில் இருந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது. அவர் இடத்துக்கு நான் வந்தேன். நான் மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். தியாகம் ஒன்றும் இல்லை. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஒரே ஒரு நிறுவனம் கூப்பிட்டது, டெல்லியில் இருக்கவேண்டும் என்றார்கள். கணவர் கடலூரில் பள்ளி ஆசிரியர். மகள் அப்போதுதான் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். போகவில்லை, அவ்வளவுதான்.

2008 முடியும்போது காற்று திசை மாறியது. நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தின. வீட்டை, நிலத்தை வைத்துப் படித்து உரிமம் வாங்கிய பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் சும்மா இருந்தார்கள். பயிற்றுநர் ஓடிப்போகிறாரே என்று அழுத முதலாளிக்கு இப்போது வரிசையாக ஆள் வந்தது. அப்போதுதான் அவர் மாதச் சம்பளத்தை எடுத்துவிட்டார். உதவிப் பயிற்றுநருக்குப் பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கூலி. தரையில் பாடம் எடுத்தால் கிடையாது, மழைக்குக் காத்திருந்தால் கிடையாது. பஸ்ஸில் ட்ரிப்புக்குப் பேட்டா கொடுப்பதுபோல. யாரும் மறுக்கவில்லை. மறுக்கும் நிலையில் யாரும் இல்லை. பணத்தைவிட அவர்களுக்கு மணி நேரம்தான் வேண்டியிருந்தது. மணி கூடினால் முழுப் பயிற்றுநர் ஆகலாம், என்றாவது வேலைக்கு ஆள் எடுக்கும்போது முன்வரிசையில் நிற்கலாம்.

இர்ஃபான் அப்படி வந்தவன். பரங்கிப்பேட்டைப் பையன். எங்கள் பள்ளியிலேயே படித்து, நல்ல காலம் முடிகிற கடைசி மாதத்தில் உரிமம் வாங்கியவன். அப்பா சவுதியில் இருந்தார். பையனை விமானியாகப் பார்க்க இன்னும் சில வருஷம் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. இர்ஃபான் தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவான். அதிகம் பேசமாட்டான். மாணவர்கள் சார் என்று கூப்பிட்டால் வேறு யாரையோ என்று பின்னால் திரும்பிப் பார்ப்பான்.

அவனிடம் பயிற்சி எடுத்தவர்களில் ஒருத்தி சுகந்தி. பெண்ணாடத்துப் பெண். அவள் அப்பா ராமலிங்கம் சர்க்கரை ஆலையில் எடைமேடை எழுத்தர். ஒரே மகள், பேங்க் லோன் வாங்கிப் படிக்கவைத்தார். நன்றாகப் பறப்பாள். அவளுக்கு ஒரு நெருக்கடி இருந்தது. உரிமத்துக்காக எழுதித் தேறிய பரீட்சைகளுக்கு ஒரு காலக்கெடு உண்டு. அதற்குள் பறக்கவேண்டிய மீதியையும் முடிக்கவேண்டும். நடுவில் ஒரு விமானம் பழுதாகி மாதக்கணக்கில் நின்றுவிட்டதால் அவள் பின்தங்கியிருந்தாள். 2010இல் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபோது, கெடு முடிய மிகக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

இர்ஃபானோடு ஒரு நீண்ட பயணம் மீதி. இங்கிருந்து கிளம்பி சிதம்பரம், அங்கிருந்து கொள்ளிடம் கடலில் விழும் இடம், பிச்சாவரத்துக் காடு, பரங்கிப்பேட்டை, பிறகு கரையோடு வடக்கே தேவனாம்பட்டினம்வரை வந்து, சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளைப் பார்த்ததும் மேற்கே திரும்பி வீடு வந்து சேரவேண்டும். அதை முடித்தால் அடுத்த ஓரிரு நாளில் தனியாகவும் ஒரு நீண்ட பயணம் அனுப்பி, கெடுவுக்குள் தள்ளிவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தோம். ஒரு வாரமாக மழை. ஒருவரும் பறக்கவில்லை. அந்த மாதம் இர்ஃபான் கைக்கு ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை.

ஒருநாள் காலையில் மழை விட்டு, முந்திரி இலையெல்லாம் பளபளவென்று இருந்தது. எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். வானிலை அறிக்கை பயணத்துக்கு அனுமதிக்கும் அளவில் இருந்தது. பாதைக்கான அனுமதியும் வாங்கியாயிற்று. மகள் பறப்பதைப் பார்க்க ராமலிங்கம் பெண்ணாடத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். சுகந்தி விமானத்தைச் சுற்றிச் சுற்றிச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

இர்ஃபான் தென்கிழக்குப் பக்கம் பார்த்தபடி நின்றான். அந்தப் பக்கம் அடிவானத்தில் அழுக்குத் துணி காயப்போட்டதுபோல ஒரு பட்டை. போனை எடுத்து யாரிடமோ பேசினான். பிறகு என்னிடம் வந்தான்.

"மேடம், நான் போகல."

ஏன் என்று கேட்டேன்.

"உம்மாவ மாடியில ஏறிப் பாக்கச் சொன்னேன். பள்ளிவாசல் மினாரா தெரியலையாம். எங்க வீட்லேர்ந்து ரெண்டு தெருதான் மேடம்."

அறிக்கை சரியாகத்தானே இருக்கிறது, காலைப் பனி விலகிக்கொண்டிருக்கலாமே என்றேன். அவனைப் போகவைப்பதற்காகச் சொல்லவில்லை. எவ்வளவு யோசித்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

"அறிக்கை சரியா இருக்கலாம். போனாலும் திரும்பி வந்துருவோம்னுதான் தோணுது. ஆனா சுகந்திய பக்கத்துல வச்சுக்கிட்டு, அங்க போயி, இப்ப எந்தப் பக்கம் திரும்பறதுன்னு யோசிக்கிற அளவுக்கு எனக்கு அனுபவம் பத்தாது மேடம்."

என் பணிக்காலத்தில் எத்தனையோ பேர் தங்கள் அனுபவத்தைப் பற்றி என்னிடம் பேசியிருக்கிறார்கள். பத்தாது என்று, பறப்பதற்கு முன்னால், சம்பளம் போகும் என்று தெரிந்தே சொன்னவன் அவன் ஒருவன்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. சுகந்தியின் கெடுதான் மனசில் ஓடியது.

ராமலிங்கம் பக்கத்தில் வந்தார். கோபமாக இல்லை. ஒரு நியாயமான கேள்வியாகத்தான் கேட்டார்.

"தம்பி, இங்க வெயிலு நல்லாத்தான அடிக்குது. கொஞ்ச தூரம் போயி பாத்துட்டு, ஆவலன்னா திரும்பி வந்துடக் கூடாதா?"

இர்ஃபான் அந்தப் பட்டையை மறுபடி ஒருமுறை பார்த்தான்.

"போயிட்டா திரும்ப மனசு வராது சார். அதான்."

ராமலிங்கத்துக்கு இது விளங்கவில்லை. சுகந்திக்கும் விளங்கவில்லை. அவள் இறக்கையில் சாய்ந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் போகத்தான் விரும்பினாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்தது. மழை விட்டதும் வண்டிகள் ஓடுகின்றனவா என்று பார்க்க வந்தவர். நின்றுகொண்டிருக்கும் விமானத்தைப் பார்த்து, நிற்கும் ஆட்களைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு முடித்துவிட்டு என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"மணிக்கு இவ்ளோன்னுதான் குடுக்கறேன். ஓட்டலன்னா நஷ்டம் அவனுக்குந்தான். அப்பவும் வேணான்றான்னா இன்னா அர்த்தம்? பயந்துட்டான் மேடம். நீங்க ஏறுங்க. உங்களுக்கு இல்லாத சர்வீஸா?"

உண்மையில் என்னால் முடியும். அதை இப்போதும் சொல்வேன். ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு சிதம்பரம்வரை போய்விடலாம். கோபுரம் தெரியாவிட்டால் மேற்கே ஒதுங்கலாம். அதைவிட மோசமான நாட்களில் நான் பறந்து திரும்பியிருக்கிறேன். நான் ஏறினால் சுகந்தி பிழைப்பாள். அவள் அப்பா நிம்மதியாகப் பெண்ணாடம் போவார். முதலாளிக்கும் சந்தோஷம்.

நான் விமானம்வரை நடந்தேன். இர்ஃபான் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். அவன் முகத்தில் கோபமோ அவமானமோ இல்லை. அப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தவன்போல நின்றான். அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. நான் ஏறிவிட்டால், இந்தப் பள்ளியில் ஓர் உதவிப் பயிற்றுநர் போகமாட்டேன் என்று சொல்வதற்கு முதலாளியின் கார் வரும்வரைதான் மதிப்பு. அடுத்த முறை இவன் அம்மாவுக்குப் போன் பண்ணமாட்டான். கையில் காசில்லாத ஒரு மாதத்தில், தன் அனுபவம் பத்தாத ஒரு வானத்துக்குள், வேறொரு வீட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போவான்.

திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன். "இன்னிக்கு இந்த விமானத்துக்கு அவர்தான் பைலட். அவர் வேணாம்னுட்டார். நான் ஏறல சார்."

அதுவரை நான் இர்ஃபானை அவன் இவன் என்றுதான் சொல்லி வந்தேன். அவர் என்று வாயில் வந்ததை நானே பிறகுதான் கவனித்தேன்.

இதுவரை படித்துவிட்டு, அன்றைக்கு வானம் இருண்டு, பெரிய மழை கொட்டி, எல்லாரும் இர்ஃபானைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்று சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணி நேரம் போல ஆனதும் இர்ஃபானின் போன் அடித்தது. அவன் உம்மா. மினாரா நன்றாகத் தெரிகிறது, வெயில் வந்துவிட்டது என்று சொன்னது பக்கத்தில் நின்ற எங்கள் காதிலும் விழுந்தது. முதலாளி சிரித்தார். பஸ்ஸாக இருந்தால் இந்நேரம் ஒரு ட்ரிப் அடித்துத் திரும்பியிருக்கும் என்றார். இர்ஃபான் இப்போது போகலாம் என்றான். ஆனால் பாதைக்கு வாங்கிய அனுமதியின் நேரம் முடிந்துவிட்டது. புதிதாகக் கேட்டோம், அன்று கிடைக்கவில்லை. மறுநாள் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்றார்கள். நாள்கணக்கில் மழை. சுகந்தியின் கெடு முடிந்தது. தேறிய பரீட்சையை அவள் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

அந்த ஒரு மணி நேரத்தில் பரங்கிப்பேட்டைக்கு மேலே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போயிருந்தால் ஒன்றும் ஆகாமல் திரும்பியிருக்கலாம். இதைத்தான் நீங்கள் மனசில் வைக்கவேண்டும். ஆபத்தில் சிக்கி மீண்டால் சொல்வதற்கு ஒரு கதை கிடைக்கும், தோளில் தட்டுவார்கள். போகாமல் நின்றால் ஒரு சாட்சியும் கிடைக்காது. நீங்கள் எடுத்த முடிவு சரி என்று யாரும் வந்து சொல்லமாட்டார்கள். அநேகமாக வானமே உங்களைப் பொய்யாக்கும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் இந்த வேலையில் பலம் வேண்டும்.

ராமலிங்கம் கிளம்பும்போது என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "எம் பொண்ணுக்கு வேற ஆளக் குடுங்கம்மா." சுகந்தி இர்ஃபானிடம் சொல்லிக்கொள்ளாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனாள். முதலாளி இர்ஃபானிடம், தம்பி நீ கொஞ்ச நாள் வீட்டில் ரெஸ்ட் எடு என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மழையில் கடலூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த முதலாளியின் அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பயிற்றுநர்களுக்குப் பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஒரு மாதச் சம்பளம் வேண்டும், இர்ஃபான் திரும்ப வரவேண்டும் என்றேன். அதுவரை எந்த மாணவரையும் தனியாக அனுப்பமாட்டேன். அப்படி அனுப்பக்கூடிய முழுப் பயிற்றுநர் அந்தப் பள்ளியில் நான் ஒருத்திதான்.

அவருக்கு அதிர்ச்சி. கோபத்தைவிட வருத்தம்தான் ஜாஸ்தி.

"உங்களுக்கு நான் இன்னா கொற வச்சேன் மேடம்? உங்க சம்பளத்துல கை வச்சனா?"

எனக்காகக் கேட்கவில்லை என்றேன். "உங்க பஸ் டிரைவர் மழையில வண்டி எடுக்கலன்னா அவருக்குப் பேட்டா போவும். சம்பளம் நிக்குமா?"

"அது யூனியன் இருக்குது."

"அப்ப இங்க என்னை யூனியன்னு வச்சுக்குங்க சார்."

வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுந்து வந்துவிட்டேன். மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? மகளுக்கு ஹாஸ்டல், கணவர் ஓய்வு பெறும் காலம். வீட்டில் சொன்னபோது கணவர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் கட்டை ஓரமாக எடுத்து வைத்தார். பிறகு, வேலை போனால் டியூஷன் இரண்டு பேட்ச் கூட எடுக்கிறேன் என்றார். அவருக்கு என்மேல் கோபம் இருந்தது என்று எனக்குத் தெரியும். அதைக் காட்டவில்லை.

முதலாளி தேடினார். அந்தத் தேடலில் நடந்ததைத்தான் உங்கள் முதல் கேள்விக்கான பதிலாகச் சொல்வேன். உதவிப் பயிற்றுநர் வேலைக்கு அவர் கேட்காமலே ஆட்கள் வந்து நின்றார்கள். முழுப் பயிற்றுநர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. இருந்தவர்களெல்லாம் நல்ல காலத்தில் பெரிய நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். நடுவில் இருந்தவர்கள் அந்த அனுபவத்தைச் சேர்க்கும்வரை எந்தப் பள்ளியும் அவர்களை வைத்துக் காப்பாற்றவில்லை. பறந்த மணிக்கு மட்டும் கூலி கொடுத்துக்கொண்டிருந்தால் பயிற்றுநர் எங்கிருந்து வருவார்? வேண்டுமென்கிற அனுபவத்தை யாராவது ஒருவர் சோறு போட்டு வளர்க்கத்தானே வேண்டும்.

ஒரு மாதம் போல ஓடியது. மாணவர்கள் முணுமுணுத்தார்கள். சிலர் என்னைத் திட்டினார்கள், அது அவர்கள் உரிமை. பிறகு ஒருநாள் முதலாளி கொட்டகைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் ஓடுபாதையைப் பார்த்தார்.

"நேத்து மெட்ராஸ்லேர்ந்து ஒரு பையன் வந்தான் மேடம். சம்பளமே வேணாம், ஓட்டவுட்டா போதும்ன்றான். அவன் பின்னாடியே இன்னொருத்தன். அவன் எனக்குக் காசு குடுத்து ஓட்டறேன்றான்."

நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"ஓசியில ஓட்டறேன்னு வர்றவன நம்பி நான் பஸ்ஸையே குடுத்ததில்ல. எதுக்காக ஓட்றான்னு தெரியாதுல்ல. அம்பது பேரு உக்காந்துனு வர்றாங்க." எழுந்துகொண்டே, "அந்தப் பரங்கிப்பேட்டப் பையன வரச் சொல்லுங்க" என்றார்.

அவர் கொடுத்த மாதச் சம்பளம் பெரிதில்லை. அவருடைய சிதம்பரம் ரூட் ஓட்டுநர் வாங்குவதைவிடக் குறைவு. இர்ஃபானிடம் சொன்னபோது சிரித்தான். ஆனால் அந்த மாதச் சம்பளம் வந்த பிறகு ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். மழை நாட்களில் பையன்கள் வானத்தைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிட்டது. முன்பெல்லாம் எங்கே ஒரு வெளிச்சம் தெரிகிறது என்று தேடுவார்கள். இப்போது மொத்த வானத்தையும் பார்த்தார்கள்.

இர்ஃபான் எங்களிடமே முழுப் பயிற்றுநர் ஆனான். அதன் பிறகு, 2012இல், ஒரு விமான நிறுவனத்துக்குப் போனான். போகத்தான் வேண்டும், நானே பை தூக்கிக் கொடுத்து அனுப்பினேன். நீங்களும் போவீர்கள். போகும்வரை இருக்கும் நாட்களில் இங்கேயே இருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

சுகந்தியின் கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவள் பரீட்சையை மறுபடி எழுதித் தேறி, அடுத்த வருஷம் மழைக்காலம் தொடங்கும் முன் திரும்பி வந்தாள். யாரோடு பறக்கிறாய் என்று கேட்டேன். அவள் அப்பா சொன்னது எனக்கு நினைவிருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, இர்ஃபான் சாரே இருக்கட்டும் என்றாள். அவனோடு அந்த நீண்ட பயணத்தை நல்ல வெயிலில் முடித்தாள். அடுத்தது அதே பாதையில் தனியாக.

அனுப்பும் பொறுப்பு என்னுடையது. அறிக்கை பார்த்தேன், வானம் பார்த்தேன், இர்ஃபானைக் கேட்டேன், அவளையும் கேட்டேன். எல்லாம் நன்றாக இருந்தது. போகச் சொன்னேன். ராமலிங்கம் அன்றைக்கு வந்திருந்தார். எங்களோடு அதிகம் பேசாமல், கொட்டகை ஓரமாகப் போய் நின்றுகொண்டார். இர்ஃபானைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

விமானம் எழும்பித் தெற்கே போய்ப் புள்ளியாகி மறைந்தது. தனியாக ஒருவரை அனுப்பிவிட்டுத் தரையில் காத்திருப்பது எத்தனை வருஷமானாலும் பழகாது. அவள் கிழக்குப் பக்கமிருந்து, கடலூர் திசையிலிருந்து வரவேண்டும். வரவேண்டிய நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே என்ஜின் சத்தம் தெற்கிலிருந்து கேட்டது. இர்ஃபான் எழுந்துவிட்டான். ராமலிங்கத்துக்கும் நேரக் கணக்கு தெரிந்திருக்கிறது. "சீக்கிரமா வந்துட்டாளே" என்று சொல்லிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார்.

சுத்தமாக இறங்கினாள். விமானத்தை நிறுத்திப் பூட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"கொள்ளிடத்துக்கு அந்தாண்ட ஒண்ணும் தெரியல மேடம். பிச்சாவரம் போகல. திரும்பிட்டேன்."

பாதி வழியில் திரும்பிய பயணம் கணக்கில் சேராது. மறுபடி முழுதாகப் போகவேண்டும். அதற்கு ஆகும் செலவும் நாளும் அவளுக்குத் தெரியும், அவள் அப்பாவுக்கும் தெரியும். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெற்கு வானம் நீலமாகத்தான் இருந்தது. ராமலிங்கம் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். நான் ஏதாவது விளக்கம் சொல்லவேண்டியிருக்கும் என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பெண்ணாடத்தில் ஆலைக்குப் பேசினார்.

"நாளைக்கும் எனக்கு லீவு எழுதிக்குங்க. பொண்ணு நாளைக்குத்தான் போவுது."